தாடி வைத்தவரெல்லாம் டுகின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் ரஷ்யாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே தாடிக்காரர் ஒருவரின் படம். படத்துக்குக் கீழே ‘புதினின் மூளை, அலெக்சாண்டர் டுகின்’ என்று போட்டிருந்தீர்கள். டுகின் ரஷ்யாவின் பழமைவாதச் சிந்தனையாளர்களில் ஒருவர். படத்தில் இருப்பவர் டுகின் அல்லங்க. 2008-ல் காலமான எழுத்தாளர் சோல்செனிட்சின். இருவருக்கும் தாடி உண்டு, இருவர் பெயரும் அலெக்சாண்டர், அதுவரை சரி.

எங்கள் ஊர் பேக்கரியில் இதைச் சொன்னேன். “படம் மாறுனா என்னங்க? ரெண்டு பேரும் ரஷ்யாக்காரன், ரெண்டு பேரும் பழமைவாதி. யாரு படத்தப் போட்டா என்ன?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தவர். அவரும் கட்டுரையைப் படித்தவர்தான். கட்டுரையும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ரஷ்யப் பழமைவாதிகள் எல்லோருக்கும் ஒரே கொள்கை, எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அந்தக் குரல்தான் கிரெம்ளினை நடத்துகிறது என்று. டீ ஆறிப்போகும்வரை பேசியும் அந்த மனிதரை என்னால் அசைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், ரஷ்யாக்காரர்கள் கதையை விட்டுவிடுங்கள்.

எனக்கு வயது 72. கோவையில் பம்ப்செட் கம்பெனிகளில் 31 வருடம் லேத் ஓட்டிவிட்டு, இப்போது வெள்ளகோவில் பக்கம் சொந்தத் தோட்டத்தில் இருக்கிறேன். வேலையில் இருந்தபோது செங்கொடிச் சங்கம். எங்கள் ஷெட்டுக்குச் ‘சோவியத் நாடு’ பத்திரிகை வரும். வழவழவென்று காகிதம். படித்து முடித்ததும் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டு போவார்கள். ரஷ்ய மொழி மாலை வகுப்புக்கு எட்டு மாதம் போனேன். இலக்கணம் எல்லாம் மறந்துவிட்டது, எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் இன்னும் வரும். 1991 டிசம்பரில் கிரெம்ளினில் செங்கொடியை இறக்கிய செய்தியைக் கேட்ட ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறமும் அந்த நாட்டை விட்டேனா என்றால் இல்லை. விற்றுவிட்ட தோட்டத்தை பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

இப்போது எட்டிப் பார்க்க இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மகள் வயிற்றுப் பேத்தி வோல்கோகிராடில் மருத்துவம் படிக்கிறாள். போன வருடம் ஒருநாள் போனில், “அப்புச்சி, இங்க ஊருக்கு ஒரு பேரு, ஏர்போர்ட்டுக்கு வேற பேருங்க” என்று சிரித்தாள். விஷயம் உண்மைதான். 1925 வரை அந்த ஊரின் பெயர் சாரிட்சின். 1961 வரை ஸ்டாலின்கிராட். அப்புறம் வோல்கோகிராட். 2025 ஏப்ரல் கடைசியில் புதின் ஓர் ஆணை போட்டு விமான நிலையத்துக்கு மட்டும் ஸ்டாலின்கிராட் என்று பெயர் வைத்தார். ஊரின் பெயரைத் தொடவில்லை. (நம் ஊரில் ஸ்டாலின் என்றால் வேறொருவர் நினைவுக்கு வருவார். நான் சொல்வது மீசைக்காரரை.)

அவள் அனுப்பிய படங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, வோல்கா-டான் கால்வாய் முகப்பில் நிற்கும் லெனின் சிலை. பீடத்தோடு சேர்த்து 57 மீட்டர். உலகத்திலேயே உயரமான லெனின் சிலை அதுதான் என்கிறார்கள். அதே இடத்தில் முதலில், 1952-ல், நின்றது ஸ்டாலின். 1961-ல் அவரைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் இடம் காலியாகக் கிடந்து 1973-ல் லெனின் வந்தார். இரண்டாவது படம், ஊரின் நடுவில் பளபளக்கும் குவிமாடங்களோடு அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயம். 1932-ல் சோவியத் அரசு இடித்துத் தள்ளியது, அதையே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். இடித்தவர்களின் தலைவர் பெயரில் விமான நிலையம், இடிபட்ட கோயிலுக்குப் புதுக் கட்டடம், இரண்டும் ஒரே ஊரில், நாலு வருட இடைவெளியில்.

பேக்கரியில் பன் தின்றவருக்கு இதுதான் என் பதில். பழமைவாதி என்றால் பழையதைக் காப்பவன். சரி, எந்தப் பழையதை? ரஷ்யாவில் 1917 புரட்சியில் ஒருமுறை, சோவியத் ஒன்றியம் உடைந்த 1991-ல் ஒருமுறை என்று ஒரு மனிதனின் ஆயுளுக்குள் வீடு இரண்டு தடவை இடிந்தது. முதல் இடிப்புக்கு முன்னால் இருந்ததைக் காக்க வேண்டும் என்பவனும் பழமைவாதி, இரண்டாவது இடிப்புக்கு முன்னால் இருந்ததைக் காக்க வேண்டும் என்பவனும் பழமைவாதி. முதலாமவனுக்கு ஜார் என்ற பழைய பேரரசரும் திருச்சபையும் வேண்டும். இரண்டாமவனுக்கு வேண்டியதோ, அந்த ஜாரைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றவர்கள் அமைத்த அரசு. புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்ட இரண்டு படைகளின் பெயரால் முதலாமவனை வெள்ளை, இரண்டாமவனைச் சிவப்பு என்று அங்கே இன்னும் சொல்கிறார்கள். போர் முடிந்து நூறு வருடம் ஆயிற்று. பேரன்கள் இன்னும் ராசியாகவில்லை.

அரசுச் சின்னங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000 டிசம்பரில் புதின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சட்டமாக்கினார். மூவர்ணக் கொடி ஜார் காலத்தது. இரட்டைத் தலைக் கழுகும் ஜார் காலத்தது. தேசிய கீதத்தின் மெட்டு மட்டும் ஸ்டாலின் காலத்தது. வரிகளை எழுதியவர் செர்கேய் மிகல்கோவ். இந்த மனிதர் 1943-ல் அதே மெட்டுக்கு ஸ்டாலின் பெயரை வைத்து இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். 1977-ல் ஸ்டாலின் பெயர் இல்லாத வரிகள் வந்தன, அதிலும் அவர் கை உண்டு. 2000-ல் கடவுளைச் சேர்த்து எழுதினார். ஒரே ஆள், ஒரே மெட்டு, மூன்று பாட்டு. அவருடைய மகன், திரைப்பட இயக்குநர் நிகிதா மிகல்கோவ், 2010-ல் ‘அறிவொளி பெற்ற பழமைவாதம்’ என்று ஓர் அறிக்கையே வெளியிட்டார். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது கைவராமல் போகுமா!

இங்கே என் தோட்டத்துக் கதை ஒன்று. எங்கள் கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். அப்பாரு 1964-ல் வாங்கிப் போட்ட ஆயில் இன்ஜின் ஒன்று மோட்டார் ரூமில் கிடக்கிறது. கரண்ட் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. பெரியப்பா மகன், “அப்பாரு கை பட்ட சாமான், அசைக்கப்படாது” என்பார். சித்தப்பா மகன், “இரும்பு வெலை ஏறிக் கெடக்குது, போட்டுட்டுக் காசப் பிரிச்சுக்கலாம்” என்பான். நான் லேத்துக்காரன், ஒரு புஷ் போட்டு ஓட வைத்துப் பார்க்கலாமே என்பேன். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும், அதனால் ஒன்றும் நடக்காது. இன்ஜின் மேல் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்கு விலக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி. கரண்ட் சர்வீஸ்கூட இன்னும் செத்துப்போன அப்பாரு பேரில்தான் ஓடுகிறது. பேர் மாற்ற மூன்று கையெழுத்து வேண்டுமே.

மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் லெனின் உடல் அப்படித்தான் கிடக்கிறது. 1924-ல் இறந்தவர். வெள்ளைப் பக்கத்துக்காரர்கள் எடுத்துப் புதை என்கிறார்கள். சிவப்புப் பக்கத்துக்காரர்கள் கை வைத்துப் பார் என்கிறார்கள். அவரை எடுத்துப் புதைத்தால் ஒரு தலைமுறையே தன் வாழ்நாள் வீணாய்ப் போனதாக நினைக்கும் என்ற பொருளில் புதின் 2001-லேயே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மே 9 வெற்றி விழா அணிவகுப்பு அன்று அந்தக் கல்லறையை அலங்காரத் தட்டிகளால் மறைத்துவிடுகிறார்கள். தலைவர்கள் அதற்கு முன்னால் உட்கார்ந்து, செஞ்சேனையின் வெற்றிக்கு, செஞ்சேனையின் கொடிக்கு, சல்யூட் அடிக்கிறார்கள். டிவியில் அந்தத் தட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தார்ப்பாய்தான் ஞாபகம் வரும்.

இதெல்லாம் கிழவர்களின் மனத்தாங்கல் என்று நினைக்க வேண்டாம். ரகசியப் போலீஸை உருவாக்கிய செர்ஜின்ஸ்கியின் சிலை மாஸ்கோ லுபியான்கா சதுக்கத்தில் நின்றது. 1991 ஆகஸ்டில் கூட்டம் கூடி நிற்க அதை கிரேன் வைத்து இறக்கினார்கள். இடம் முப்பது வருடம் சும்மா கிடந்தது. 2021 பிப்ரவரியில் மாஸ்கோ நகராட்சி இணைய வாக்கெடுப்பு வைத்தது, செர்ஜின்ஸ்கியைத் திரும்ப வைக்கலாமா, பதிமூன்றாம் நூற்றாண்டு இளவரசரும் திருச்சபையின் புனிதருமான அலெக்சாண்டர் நெவ்ஸ்கியை வைக்கலாமா என்று. (எத்தனை அலெக்சாண்டர் பாருங்கள், உங்கள் உதவி ஆசிரியர் மேல் எனக்குக் கோபமே இல்லை.) இரண்டு பேருமே பழமைவாதிகளின் ஆட்கள்தான். வாக்கு நெவ்ஸ்கிக்கு 55, செர்ஜின்ஸ்கிக்கு 45 சதவீதம் என்று போய்க்கொண்டிருந்தபோது மேயர் சபியானின் வாக்கெடுப்பையே நிறுத்திவிட்டார். மக்கள் பாதிப் பாதியாகப் பிரிகிறார்கள், நினைவுச் சின்னம் மக்களைப் பிரிக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். அங்கேயும் ஒரு தார்ப்பாய்.

இரண்டு பக்கத்தையும் ஒட்டவைக்கப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களில் மூத்தவர் அலெக்சாண்டர் புரொகானவ், 1938-ல் பிறந்த எழுத்தாளர், ‘சாவ்த்ரா’ என்ற பத்திரிகையின் ஆசிரியர். 1991 ஜூலையில், சோவியத் ஒன்றியம் உடைய ஐந்து மாதம் இருக்கும்போது, கம்யூனிஸ்டுகளும் திருச்சபை அபிமானிகளும் சேர்ந்து ‘மக்களுக்கு ஒரு வார்த்தை’ என்று ஓர் அறிக்கை விட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் இவரும் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரான சுகானவும் உண்டு. 1993 அக்டோபரில் அன்றைய அதிபர் எல்ட்சின் பாராளுமன்றக் கட்டடத்தை டாங்கி வைத்துச் சுட்டபோது உள்ளே செங்கொடிக்காரனும் ஜார் கொடிக்காரனும் தோளோடு தோள் நின்றார்கள். எதிரி பொது, அவ்வளவுதான். வரப்பை வேறொருவன் வெட்டினால் பங்காளிகள் ஒன்றாகக் கடப்பாரை எடுத்துக்கொண்டு வருவதில்லையா?

இந்தப் புரொகானவ் 2015-ல் ஒரு காரியம் செய்தார். மாதாவின் திருவுருவப் படம் ஒன்று. மேலே மாதா, கீழே ராணுவ உடையில் ஸ்டாலினும் அவருடைய தளபதிகளும். அதை பெல்கரோட் பகுதிக்கு, பழைய டாங்கிப் போர் நடந்த இடத்துக்குக் கொண்டுபோனார். அவர் கணக்கில் இது சமரசம். அந்த ஊர்த் திருச்சபை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டாலின் புனிதர் அல்ல, இது திருவுருவமே அல்ல என்று அறிக்கை விட்டது. விடாமல் இருக்க முடியுமா? ஸ்டாலின் காலத்தில் சுடப்பட்ட பாதிரியார்களைத்தான் அந்தத் திருச்சபை புனிதர்களாக அறிவித்து வைத்திருக்கிறது.

2020-ல் மாஸ்கோவுக்கு வெளியே படையினருக்காக ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள். பிடிபட்ட ஜெர்மன் ஆயுதங்களை உருக்கி வார்த்த உலோகத்தில் படிக்கட்டு. ஃபவுண்டரிப் பக்கமே வாழ்நாளைக் கழித்த எனக்கு அதைப் படித்ததும் கை பரபரத்தது, என்ன கலவை, எப்படி வார்த்திருப்பார்கள் என்று. குவிமாடத்தின் கழுத்து விட்டம் 19.45 மீட்டர், 1945-ஐக் குறிக்க. சுவரில் பதிக்கத் தயாரித்த கண்ணாடிச் சில்லுப் படங்களில் ஸ்டாலினும் இருந்தார், புதினும் இருந்தார். சத்தம் கிளம்பியது. புதின் தன் படம் வேண்டாம் என்றார். ஸ்டாலின் படமும் ஏறவில்லை. வெற்றி வேண்டும், வென்ற தளபதி வேண்டாம் என்று முடித்தார்கள்.

இப்போது டுகினுக்கு வருகிறேன். அவர் வெள்ளையும் அல்ல, சிவப்பும் அல்ல. 1962-ல் பிறந்தவர். தொண்ணூறுகளில் லிமோனவ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து தேசிய போல்ஷ்விக் கட்சி என்று ஒன்றை ஆரம்பித்தார். நாஜிக் கொடியின் நடுவில் சுவஸ்திகாவுக்குப் பதில் அரிவாள் சுத்தியல், அதுதான் அவர்கள் கொடி. 1998-ல் இருவரும் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். லிமோனவ் புதினை எதிர்த்து ஜெயிலுக்குப் போனார், டுகின் புதினைப் புகழ்ந்து மேடைக்குப் போனார்.

டுகின் பேசுவது யூரேசியம். 1920-களில் நாடு கடந்து போன ரஷ்யர்கள் சிலர் ஆரம்பித்து வைத்த சிந்தனை. ரஷ்யா ஐரோப்பாவின் கடைக்கோடி அல்ல, ஐரோப்பாவும் ஆசியாவும் கலந்த தனி உலகம் என்பார்கள். மங்கோலியர் ஆட்சி ரஷ்யாவைக் கெடுக்கவில்லை, பேரரசாக்கிற்று என்பார்கள். இந்தச் சிந்தனையைப் பிற்காலத்தில் தாங்கிப் பிடித்த லெவ் குமிலியோவ், கவிஞர் அக்மதோவாவின் மகன், ஸ்டாலின் காலத்துச் சிறை முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தவர். கஜகஸ்தான் தலைநகரில் அவர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. டுகின் இந்தச் சரக்கில் நிறைய மசாலா சேர்த்தார். கடல் வல்லரசு, நில வல்லரசு, இறுதி யுத்தம், இப்படி. நம்மூர் இளவட்டங்கள் அவர் வசனத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதற்கு மேற்குலகைத் திட்டுகிறார் என்பது போதும். 1997-ல் அவர் எழுதிய புத்தகத்தில் சீனாவை உடைக்க வேண்டிய எதிரியாக எழுதியிருந்தார். இப்போது சீனா நண்பன். அனுப்புகிறவர்கள் அதை அனுப்புவதில்லை.

‘புதினின் மூளை’யை 2014-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம் வேலையை விட்டு அனுப்பியது. உக்ரைன் விஷயத்தில் கொல், கொல், கொல் என்று பேசியதற்குக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு. மூளையை யாராவது கழற்றி வைப்பார்களா? 2022 ஆகஸ்டில் கார் குண்டில் அவர் மகள் இறந்தார். அந்தத் தகப்பன்மேல் எனக்கு இரக்கம் உண்டு, அவர் கொள்கைமேல் இல்லை. அதற்கப்புறம்தான் அரசின் கை மறுபடி நீண்டது. 2023-ல் மாஸ்கோவின் மனிதவியல் பல்கலைக்கழகம் ஒன்றில் அவரைத் தலைவராக வைத்து அரசியல் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்கு இவான் இல்யின் பெயர்.

இந்தப் பெயரில்தான் வேடிக்கை. இல்யின் வெள்ளைப் பக்கத்துத் தத்துவக்காரர். 1922-ல் லெனின் அரசு கப்பலில் ஏற்றி நாடு கடத்தியவர்களில் ஒருவர். 1933-ல் ஹிட்லர் வந்ததை வரவேற்று எழுதினார். பிறகு நாஜிகளோடும் ஒத்துப்போகாமல் சுவிட்சர்லாந்துக்குப் போய் 1954-ல் அங்கேயே இறந்தார். யூரேசியக்காரர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது, அவர்கள் காலத்திலேயே எதிர்த்து எழுதியவர். அவர் பெயர்ப் பலகையின் கீழ் யூரேசியக்காரர் டுகின் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். 2024 ஏப்ரலில் மாணவர்கள் மனுப் போட்டார்கள், பாசிசத்தைப் பாராட்டியவர் பெயர் எங்கள் கல்லூரிக்கு வேண்டாம் என்று. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் கட்டுரையாளரின் ‘ஒரே குரல்’ அன்றைக்கு எங்கே போயிருந்தது?

மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது, இதைக் கட்டுரை தொடவே இல்லை. இன தேசியவாதிகள். ரஷ்ய மொழியில் ‘ரஷ்ய’ என்பதற்கு இரண்டு சொல். ரூஸ்கி என்றால் இனத்தால் ரஷ்யன். ரசீஸ்கி என்றால் ரஷ்ய நாட்டைச் சேர்ந்தது, அதில் தாத்தாரியரும் செச்சேனியரும் அடக்கம். தமிழர், தமிழ்நாட்டுக்காரர் என்று நாம் சொல்வதுபோல. கோயம்புத்தூரில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசிக்கொண்டு வெளியே சுத்தமான கொங்குத் தமிழில் ‘வாங்க, போங்க’ என்பவர்களோடு வேலை பார்த்த எனக்கு அந்த இரண்டாவது சொல்தான் பிடிக்கும். அங்கே அந்த தேசியவாதிகளுக்கு அது கெட்ட வார்த்தை. நாடு எங்கள் பெயரில், பணம் காகசஸுக்கா (செச்சேனியா, தாகெஸ்தான் இருக்கும் தெற்கு மலைப்பகுதி) என்பது அவர்கள் கேள்வி. ‘காகசஸுக்குத் தீனி போட்டது போதும்’ என்று 2011-ல் மாஸ்கோவில் கோஷம் போட்டார்கள். 2020-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது ரஷ்ய மொழியை ‘அரசை உருவாக்கிய இனத்தின்’ மொழி என்று எழுதி அவர்கள் வாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டார்கள். 2022 மார்ச்சில் புதினோ, தாகெஸ்தான் வீரன் ஒருவன் போரில் இறந்ததைப் பேசும்போது, நான் லாக் (தாகெஸ்தானில் ஒரு சிறு இனம்), நான் தாகெஸ்தானி, நான் செச்சேனியன், நான் யூதன் என்று அடுக்கினார். சர்க்கரை கசந்திருக்கும்.

யூரேசியம் அவர்களுக்கு ஆகாது. மத்திய ஆசியா நம் குடும்பம் என்று ஒருவர் சொன்னால், அந்தக் குடும்பத்திலிருந்து கட்டட வேலைக்கு வரும் தாஜிக்கியனும் உஸ்பெக்கியனும் எங்கள் தெருவில் என்று மற்றவர் பல்லைக் கடிப்பார். விசா வேண்டாம் என்பது அரசின் கொள்கை, ஆள் வேண்டுமே. 2024 மார்ச் 22 அன்று மாஸ்கோவை ஒட்டிய குரோகஸ் அரங்கில் 140-க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்டவர்கள் தாஜிக்கியர்கள். அதிலிருந்து இந்தச் சண்டை இன்னும் முற்றிவிட்டது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனி முதலாளிக்கு வடக்கேயிருந்து ஆள் வந்தாக வேண்டும், பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் முணுமுணுத்தாக வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குப் பிடித்த ஆள் இகோர் கிர்கின், புனைபெயர் ஸ்திரெல்கோவ். பழைய உளவுத்துறை அதிகாரி. வெள்ளைப் படை உடுப்பைப் போட்டுக்கொண்டு பழைய போர்களை நடித்துக் காட்டுவது அவர் பொழுதுபோக்கு. 2014 ஏப்ரலில் ஆட்களோடு போய் உக்ரைனின் ஸ்லோவியான்ஸ்க் நகரைப் பிடித்தவர். மலேசிய விமானத்தைச் சுட்டு வீழ்த்திய வழக்கில் 2022-ல் நெதர்லாந்து நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் நடந்த அதே போரில் அதே பக்கம் நின்ற எழுத்தாளர் பிரிலேபின், ஸ்டாலின் அபிமானி. ஒரே பதுங்குகுழிக்கு மேல் ஒருவர் ஜார் கொடி கட்டுவார், இன்னொருவர் செங்கொடி கட்டுவார். போர் சரியாக நடக்கவில்லை என்று ஸ்திரெல்கோவ் புதினைத் திட்டித் தீர்த்தார், ‘கோபக்கார தேசபக்தர்கள்’ என்று சங்கம் வைத்தார். 2023 ஜூலையில் கைது, 2024 ஜனவரியில் நாலு வருடம் சிறை. வலதுபக்கம் நின்று கத்தினாலும் அளவு உண்டு.

சரி, நீங்கள் போட்ட படத்துக்காரர்? சோல்செனிட்சினும் பழமைவாதிதான், திருச்சபை விசுவாசி, மேற்கத்திய நாகரிகத்தைக் கடுமையாக விமர்சித்தவர். ஆனால் 1990-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் என்ன சொன்னார்? பேரரசைச் சுமக்க நமக்குச் சக்தியும் இல்லை, தேவையும் இல்லை, பதினொரு குடியரசுகளை விட்டுவிடுவோம் என்றார். பால்டிக் மூன்று, காகசஸ் மூன்று, மத்திய ஆசியா நான்கு, மால்டோவா. உக்ரைனையும் பெலாரஸையும் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கழித்துவிடச் சொன்னதைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறவர் டுகின். எல்ட்சின் கொடுத்த விருதை வாங்க மறுத்த அந்த மனிதர் 2007-ல் புதின் கொடுத்த விருதை வாங்கிக்கொண்டார். அதற்கு நான் இன்னும் விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் கிரெம்ளின் எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும் கொஞ்சம், எந்தப் பக்கமும் முழுசாக இல்லை. 2005-ல் இல்யின் உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். 2022 பிப்ரவரி 21 அன்று, படையை அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது, உக்ரைனை லெனின் உருவாக்கிய நாடு என்று புதின் நக்கலாகப் பேசினார். அதற்கு முன்பே 2016-ல் லெனின் ரஷ்யாவுக்கு அடியில் அணுகுண்டு வைத்தவர் என்றும் சொல்லியிருந்தார். பேசி இரண்டு மாதம் ஆகவில்லை, அவருடைய படை பிடித்த உக்ரைனின் ஹெனிசெஸ்க் ஊரில், உக்ரைனியர்கள் அகற்றிய லெனின் சிலையைத் திரும்ப நிறுத்தினார்கள். 2022 நவம்பரில் ‘மரபு விழுமியங்கள்’ என்று ஆணை எண் 809 வந்தது. அந்தப் பட்டியலில் பொருளைவிட ஆன்மா உயர்ந்தது என்பதும் இருக்கிறது, சோவியத் காலத்துக் கூட்டு மனப்பான்மையும் இருக்கிறது. திருச்சபைக்காரருக்கு ஒன்று, சிவப்புக்காரருக்கு ஒன்று. எந்தக் கொள்கையும் அரசின் கொள்கை ஆகாது என்று 1993 அரசியல் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வதை மட்டும் யாரும் இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் எந்தக் கொள்கை என்று எழுத வேண்டி வருமே!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியோந்தியெவ் என்று ஒரு ரஷ்யச் சிந்தனையாளர் இருந்தார். ரஷ்யா அழுகிவிடாமல் இருக்க வேண்டுமானால் அதை உறைய வைக்க வேண்டும் என்றார். ஃப்ரீசரில் வைத்தது கெட்டும் போகாது, வேகவும் வேகாது. இப்போதைய ஆட்சியைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது, டுகின் ஞாபகம் வருவதில்லை.

என் பக்கத்து ஆட்களையும் விட்டுவிட மாட்டேன். பழைய தோழர் ஒருவர், எழுபத்தெட்டு வயது, விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராட் பெயர் வைத்ததைக் கேட்டு சிங்காநல்லூரிலிருந்து போன் போட்டார். “பாத்தியா, திரும்பி வருது” என்றார். அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டவர்தான் லெனினை அணுகுண்டு வைத்தவர் என்று சொன்னவர் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் “மாடு கத்துது, வெக்கிறேன்” என்று வைத்துவிட்டார். அவர் இருப்பது மூன்றாவது மாடி வாடகை வீடு.

புதினுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருக்கப்புறம் இந்தக் கூட்டங்களில் எது மேலே வரும் என்பது அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்விதான். ரூஸ்கிக்காரர்கள் கை ஓங்கினால் கறுப்புத் தோல் பிள்ளைகளுக்கு பஸ் ஸ்டாப்பில் ஒரு மாதிரி இருக்கும், யூரேசியக்காரர்கள் கை ஓங்கினால் வேறு மாதிரி இருக்கும். பேத்தியிடம் கேட்டேன். “எனக்கு அனாட்டமி பரீட்சை இருக்குதுங்க அப்புச்சி” என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு சிறிய திருத்தமாவது போடுங்கள். பெயர்களையும் வருடங்களையும் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். பேக்கரியில் பன் தின்றவரிடம் நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
வெள்ளகோவில் அருகில், திருப்பூர் மாவட்டம்.

பின்குறிப்பு: கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா மகன் இரும்புக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டான், இன்ஜினை எடை போட. பெரியப்பா மகன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு முத்தூர் சந்தைக்குப் போய்விட்டார். இன்றைக்குத் தண்ணீர் முறை என்னுடையது.